முதல் நாள் போட்ட கையெழுத்து தொழில் நியாய சபையின் கதவை மூடுமா?

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். அமெரிக்கத் தாய்க் கம்பனி ஒன்றின் கொழும்புக் கிளையில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தீர்கள். மகப்பேற்று விடுமுறை முடிந்து திரும்பியபோது உங்கள் குழு வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அதன்பின் உங்களிடம் வேலை பழகியவர்களே உங்களைத் தாண்டி மேலே போனார்கள். ஏன் என்று மின்னஞ்சலில் கேட்டீர்கள். எழுத்தில் பதில் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் "மறுசீரமைப்பு" என்று ஒரு கடிதம் வந்து வேலை போனது. தொழில் திணைக்களத்துக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும், மனிதவளப் பிரிவு உங்கள் நியமனக் கடிதத்தைத் திறந்து ஒரு வாசகத்தைக் காட்டியிருக்கிறது: வேலை தொடர்பான எல்லாப் பிணக்குகளும் சிங்கப்பூரில், ஆங்கில மொழியில், நடுத்தீர்ப்பு மூலம் மட்டுமே தீர்க்கப்படும். நடுத்தீர்ப்பு என்றால், நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு நடுவர் பிணக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. "கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி வழியே இல்லையா? அமெரிக்காவில் இருக்கும் அண்ணா அங்கே இப்படிக் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது என்கிறாரே" என்பது உங்கள் கேள்வி.

வழி இருக்கிறது. இலங்கையில் ஒரு தொழிலாளியைத் தொழில் நியாய சபைக்குப் போகவிடாமல் தடுக்கும் பலம் அந்த வாசகத்துக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 31பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தானே, தனியாளாக, சபைக்கு விண்ணப்பிக்கும் உரிமையைத் தருவது அதுதான். அதன் நான்காவது உட்பிரிவு சொல்வது இது: சேவை ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எது எழுதியிருந்தாலும், அதைப் பொருட்படுத்தாமல் சபை நிவாரணம் வழங்கலாம். சபையின் அதிகாரம் உங்கள் நியமனக் கடிதத்திலிருந்து பிறக்கவில்லை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து பிறக்கிறது. அதை இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு இல்லாமல் செய்ய முடியாது. இந்த உட்பிரிவை ஒரு தாளில் எழுதி உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

"நான் நிறைவேற்று அதிகாரி தரத்தில் இருந்தேன், எனக்கும் இது பொருந்துமா" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். பொருந்தும். அந்தச் சட்டத்தில் தொழிலாளி என்பவர் எந்தத் தகைமையிலும் ஒரு முதலாளியிடம் ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும் கொள்ளுப்பிட்டியில் குளிரூட்டிய அறையில் கணக்குப் பார்ப்பவரும் முகாமையாளரும் அதற்குள் வருவார்கள்.

சரி, அண்ணா சொன்னது பொய்யா? இல்லை. அவர் இருக்கும் நாட்டுக்கு அது பெரும்பாலும் உண்மை. அது எப்படி உண்மையானது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும் வாசகம் அங்கே பிறந்துதான் இங்கே வந்திருக்கிறது.

அமெரிக்காவின் கூட்டாட்சி நடுத்தீர்ப்புச் சட்டம் 1925இல் வந்தது. வணிகர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட நடுத்தீர்ப்பு உடன்பாடுகளை நீதிமன்றங்கள் மதிக்கவில்லை என்ற குறையைத் தீர்க்க வந்த சட்டம் அது. கடலோடிகள், ரயில்வே ஊழியர்கள், மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தில் ஈடுபடும் மற்றத் தொழிலாளர்கள் ஆகியோரின் வேலை ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. 1964இல் குடியியல் உரிமைச் சட்டம் வந்து இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் ஆகிய அடிப்படைகளில் வேலைத்தலத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. 1974இல் அலெக்சாண்டர் எதிர் கார்ட்னர்-டென்வர் வழக்கில், தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி நடுத்தீர்ப்புக்குப் போய்த் தோற்ற தொழிலாளியும் பாகுபாட்டு வழக்கை நீதிமன்றத்தில் தொடரலாம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவரை காற்று தொழிலாளியின் பக்கம்தான் வீசியது.

1991இல் திசை மாறியது. 62 வயதில் வேலையிழந்த கில்மர் என்பவர் தொடுத்த வயதுப் பாகுபாட்டு வழக்கை, அவர் ஒப்புக்கொண்டிருந்த நடுத்தீர்ப்பு விதியைக் காட்டி நீதிமன்றம் வெளியே அனுப்பியது. 2001இல் சர்க்கிட் சிட்டி எதிர் ஆடம்ஸ் வழக்கில், 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிவிலக்கு போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு மட்டுமே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்தார்கள். ஒரு கடையில் விற்பனையாளராகச் சேர்கிறவர் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திட்டாலே போதும் என்றாகிவிட்டது. 2018இல் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில், தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து வழக்குத் தொடரும் வழியையும் அதே ஒப்பந்தத்தால் மூடலாம் என்று சொன்னார்கள். தொழிற்சங்கம் இல்லாத தனியார் துறைத் தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 6 கோடிப் பேர், இப்படியான ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அக்காலத்தில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது செலவோ தூரமோ அல்ல, இரகசியம். பாகுபாடு என்பது ஒருவருக்கு ஒரு நாள் நடந்த சம்பவமாக இருப்பது அரிது. மகப்பேற்று விடுமுறையில் போய் வந்த ஒருத்தியின் குழுவைப் பறித்தவர்கள், போன வருடமும் ஒருத்திக்கு அதையே செய்திருப்பார்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்து ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கியவர் அதோடு நிறுத்தியிருக்க மாட்டார். நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் அது பதிவாகும், பத்திரிகையில் வரும், மூன்றாவதாக வருகிறவர் முதல் இரண்டு பேரையும் சாட்சிக்கு அழைப்பார். மூடிய அறையில் தீர்ந்துபோனால் ஒவ்வொருவரும் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நிறுவனத்துக்கு முழுப் பட்டியலும் தெரியும், தொழிலாளிக்குத் தன் வரி மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு: நிறுவனம் அந்த அறைக்குத் திரும்பத் திரும்ப வரும், தொழிலாளி வாழ்நாளில் ஒரு தடவைதான் வருவார். நடுத்தீர்ப்பாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அடுத்த வேலையைத் தரக்கூடியவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

அங்கேயும் இது முறிய ஆரம்பித்திருக்கிறது. 2018 நவம்பர் முதலாம் திகதி கூகுள் ஊழியர்கள் பல நாடுகளில் வேலையை விட்டு வெளியே வந்து நின்றபோது, கட்டாய நடுத்தீர்ப்பை நிறுத்து என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த வருடம் அந்த நிறுவனம் தன் ஊழியர்களின் எல்லாப் பிணக்குகளிலும் அதைக் கைவிட்டது. 2022 மார்ச்சில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, பாலியல் தொல்லை, பாலியல் தாக்குதல் சம்பந்தமான வழக்குகளில் கட்டாய நடுத்தீர்ப்பை ஏற்பதா இல்லையா என்ற தெரிவைப் பாதிக்கப்பட்டவரிடமே கொடுத்தது. இனம், மதம், வயது, கர்ப்பம் ஆகிய காரணங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வாசல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

இந்த நல்லதும் கெட்டதும் இரண்டுமே உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. அமெரிக்கக் கம்பனி தன் மாதிரி ஒப்பந்தத்தைக் கொழும்புக்கு அனுப்பலாம், அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைச் சேர்த்து அனுப்ப முடியாது. அதேபோல, தாய்க் கம்பனி அங்கே இருக்கிறது என்பதால் நீங்கள் அந்த நாட்டுக் குடியியல் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடவும் முடியாது. வெளிநாட்டில் வேலை செய்யும் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான் அந்தச் சட்டம் நீள்கிறது. கொழும்பில் வேலை செய்யும் இலங்கைக் குடிமகளுக்கு இலங்கைச் சட்டம்தான்.

வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால், அமெரிக்கா எவ்வளவு தனியாக நிற்கிறது என்று விளங்கும். பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டு வேலை உரிமைகள் சட்டமும் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும், தொழிலாளி நியாய சபைக்குப் போவதைத் தடுக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று நேரடியாகவே சொல்கின்றன. கனடாவில் 2020இல் வந்த ஊபர் எதிர் ஹெல்லர் தீர்ப்பு இன்னும் கூர்மையானது. ஒன்டாரியோவில் உணவு விநியோகம் செய்த ஒருவர் தன் பிணக்கை நெதர்லாந்தில் தீர்க்க வேண்டும், அதைத் தொடங்கவே ஏறத்தாழ 14,500 அமெரிக்க டொலர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. அது அவருடைய ஒரு வருட வருமானத்தில் பெரும் பகுதி. அப்படியான வாசகம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது, செல்லாது என்று கனடா உயர் நீதிமன்றம் தூக்கிப்போட்டது. உங்கள் சிங்கப்பூர் வாசகத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்த வழக்குத்தான். இந்தத் தீர்ப்பு இங்கே எவரையும் கட்டாது, ஆனாலும் உங்கள் சட்டத்தரணி தன் வாதத்தில் எடுத்துக்காட்டலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இலங்கையில் நடுத்தீர்ப்பு இரண்டு விதமாக இருக்கிறது, மனிதவளப் பிரிவு இரண்டையும் குழப்பி உங்களைப் பயமுறுத்துகிறது. ஒன்று வணிக நடுத்தீர்ப்பு. அதற்கு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம். கட்டட ஒப்பந்தக்காரர்களும் இறக்குமதியாளர்களும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரையோ மூவரையோ அமர்த்தி, அவர்களின் கட்டணம், மண்டப வாடகை, தட்டெழுத்துச் செலவு என்று எல்லாவற்றையும் தாங்களே கட்டி நடத்துவது. மற்றையது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் வரும் நடுத்தீர்ப்பு. அதில் இரண்டு தரப்பின் சம்மதத்தோடு தொழில் ஆணையாளர் ஒரு பிணக்கை அனுப்பலாம், அல்லது 4ஆம் பிரிவின்படி, சம்மதம் இல்லாவிட்டாலும் தொழில் அமைச்சர் அனுப்பலாம். அந்த நடுத்தீர்ப்பாளர் ஒப்பந்தத்தின் எழுத்தைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, நியாயமும் ஒப்புரவுமாக எது படுகிறதோ அதைத் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியவர். ஆகவே நடுத்தீர்ப்பு என்ற ஏற்பாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. பிணக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்னால், வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பதினைந்து பக்கத்துக் கடிதத்தின் ஒவ்வொரு மூலையிலும் சுருக்கொப்பம் வைத்துக்கொண்டு போகிறவரிடம் வாங்கிய சம்மதத்தைத்தான் நான் சம்மதமாக ஏற்கவில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லாவற்றையும் விழுங்கிவிடவில்லை. பொதுக் கொள்கைக்கு முரணானதும், நடுத்தீர்ப்பால் தீர்க்கக்கூடியதல்லாததும் அதற்குள் வராது என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. நிறுவனத்தின் சட்டத்தரணி பெரும்பாலும் 5ஆம் பிரிவைக் காட்டிப் பூர்வாங்க ஆட்சேபணை எழுப்புவார்: நடுத்தீர்ப்பு உடன்பாடு இருக்கும்போது, மற்றத் தரப்பு எதிர்த்தால், நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம், அதாவது வழக்கை விசாரிக்கும் அதிகாரம், இல்லை என்று. அதற்கு என் பதில் முன்னே சொன்ன 31பி(4)தான். வேலையிழந்தவருக்கென்று தனியாகப் படைத்த நிவாரணம், ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் என்று சட்டமே சொல்லிவிட்ட நிவாரணம், வணிகப் பிணக்குகளுக்கான பொதுச் சட்டம் ஒன்றால் ஓசைப்படாமல் அழிந்துபோகாது.

அதே நேரம் உங்களை ஏமாற்றவும் கூடாது. அந்த வாசகம் கடிக்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. வராத போனஸுக்காகவோ பங்குரிமைக்காகவோ ஒப்பந்த மீறல் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், 5ஆம் பிரிவு ஆட்சேபணைக்கு அங்கே உண்மையான பலம் உண்டு. வேலையில் இருந்தவர் அல்ல, சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று நிரூபிக்கப்பட்டாலும் அப்படித்தான். ஆனால் கடிதத்தில் "ஆலோசகர்" என்று எழுதிவிட்டால் மட்டும் ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிட மாட்டார். நேரம் யார் குறித்தது, விடுமுறை யார் தந்தது, ஊழியர் சேமலாப நிதி கட்டினார்களா, மேலே யார் கட்டளையிட்டது என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் விடயத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

இனிக் கசப்பான பகுதி. உங்களுக்கு உண்மையில் தடையாக இருப்பது நடுத்தீர்ப்பு வாசகம் அல்ல. இலங்கையில் தனியார் துறை வேலையில் பாகுபாட்டை முழுமையாகத் தடைசெய்யும் தனிச் சட்டம் ஒன்று இல்லை என்பதுதான். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தக் குடிமகனுக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக, அந்த மீறல் நிறைவேற்றுத் துறை அல்லது நிர்வாகத் துறையின் செயலால் நடந்திருக்க வேண்டும். அரச திணைக்களம், அரச கூட்டுத்தாபனம் என்றால் அந்த வழி திறந்திருக்கும், அதுவும் ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் துரித இலக்கம் 1996. அரச துறையில் வேலை செய்து இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் கம்பனியில் இருந்த உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. வேலையிலும் தொழிலிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டம் இன்னும் வரவில்லை என்பது நம் தொழிற்சங்கங்களும் சட்டத்தரணிகளும் உரத்துப் பேச வேண்டிய விடயம்.

ஆகவே பாகுபாடு என்ற பெயரில் ஒரு வழக்கு இல்லை. பாகுபாட்டை வேறு வழக்கின் உள்ளே கொண்டுபோக வேண்டும். தொழில் நியாய சபையில் கேட்கப்படும் கேள்வி, இந்தப் பணிநீக்கம் நியாயமும் ஒப்புரவுமானதா என்பது. ஒருவரை ஏன் நீக்கினார்கள் என்று தேடும்போது, மகப்பேற்று விடுமுறையிலிருந்து வந்த நாளுக்கும் வேலை போன நாளுக்கும் இடையில் நடந்த எல்லாமே சான்றாகும். சபை சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. சபை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லலாம், அல்லது நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். நீங்களே ஆஜராகலாம், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரும் உங்களுக்காக ஆஜராகலாம். அப்புறம், மொழி. கொழும்பில் சபை சிங்களத்தில் நடக்கும் என்பதால் தமிழர் பலர் தயங்குகிறார்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி நீங்கள் தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம், அரசு செலவில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வராததால் தவணை தள்ளிப்போவது நடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது உங்கள் உரிமை, யாரும் போடும் பிச்சை அல்ல. சிங்கப்பூர் அறையில் அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

இன்னும் வேலையில் இருந்துகொண்டே பாகுபாட்டைச் சந்திப்பவர்களுக்குச் சபை நேரடியாக உதவாது. பதவி உயர்வு, சம்பள வித்தியாசம் போன்றவற்றை நாரஹேன்பிட்டியில் கிருள வீதியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு ஒரு கைத்தொழில் பிணக்காகக் கொண்டுபோகலாம். ஓர் உத்தியோகத்தர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார், தீராவிட்டால் அமைச்சரின் நடுத்தீர்ப்பு வரை அது போகலாம். மெதுவான பாதை, தனியாளைவிடத் தொழிற்சங்கம் கொண்டுபோனால் கொஞ்சம் வேகம் பிடிக்கும். பாலியல் தொல்லை என்றால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். குற்றத்தை எந்த ஒப்பந்தமும் நடுத்தீர்ப்புக்கு அனுப்ப முடியாது, பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம்.

உங்களுடைய விடயத்தில் நான் முதலில் பிடிப்பது "மறுசீரமைப்பு" என்ற சொல்லைத்தான். நிறுவனம் தன் வாயாலேயே காரணத்தைச் சொல்லிவிட்டது: ஒழுக்காற்றுக் காரணம் இல்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்று அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதானால், ஒன்றில் அவர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இரண்டும் இல்லாமல் நீக்கினால் அது சட்டப்படி நீக்கமே அல்ல, ஆணையாளர் உங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். நீங்கள் எழுதியதில் ஆணையாளரின் அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். மகப்பேறும் உங்கள் பக்கம் நிற்கிறது: கர்ப்பத்தையோ பிரசவத்தையோ மட்டும் காரணமாக வைத்து ஒருவரை நீக்க நம் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த "மட்டும்" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் நிறுவனங்கள் ஒளிந்துகொள்கின்றன. அதனால் இதை மட்டும் நம்பி நிற்காமல், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

ஆணையாளரிடம் போவதா, சபைக்குப் போவதா என்பதை ஒரு தொழில் சட்டத்தரணியோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். காரணம் 31பியின் ஐந்தாவது உட்பிரிவு. வேறொரு சட்ட நிவாரணத்தை முதலில் நாடியவர் பிறகு சபைக்கு வர முடியாது என்று அது சொல்கிறது. மனிதவளப் பிரிவின் கடிதத்துக்குப் பயந்து, "சரி, நடுத்தீர்ப்புக்கே வருகிறேன், பேசிப் பார்ப்போம்" என்று நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், நாளைக்கு அதையே காட்டி "இவர் ஏற்கெனவே வேறு வழியைத் தெரிவுசெய்துவிட்டார்" என்று வாதிடுவார்கள். நாட்களும் ஓடுகின்றன. சபைக்கு விண்ணப்பிக்கப் பணிநீக்கத் திகதியிலிருந்து 6 மாதம்தான். "தலைமையகம் உங்கள் முறைப்பாட்டைப் பரிசீலிக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று அன்பாகப் பேசிப் பேசியே அந்த 6 மாதத்தையும் கடத்திவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சுவார்த்தை நடந்தாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சேரும்போது போட்ட கையெழுத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். விலகும்போது கேட்கும் கையெழுத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். "முழுமையான இறுதித் தீர்வு" என்றோ "பரஸ்பர இணக்கத்துடன் விலகல்" என்றோ ஒரு தாள் வரும். கூடவே மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு காசோலை வரும். "இன்றைக்கே போட்டால்தான் பணிக்கொடையும் சேர்த்துத் தரலாம்" என்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் எழுத்து மூலச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று சொல்வார்கள், பணிநீக்கமே நடக்கவில்லை, அவராகவே போனார் என்றும் சொல்வார்கள். சபையின் கதவை உண்மையில் மூடக்கூடிய தாள் இதுதான். பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்களுக்குச் சேர வேண்டியது: ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள். அதற்கு விலையாக எந்தக் கையெழுத்தும் தரத் தேவையில்லை. காசோலையோடு ஏதாவது தாள் வந்தால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், சட்டத்தரணிக்குக் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

சான்றுகளைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். ஆனாலும் நிறைய இருக்கும். வருடாந்த மதிப்பீட்டுக் கடிதங்கள், சம்பள உயர்வுக் கடிதங்கள், விடுமுறைக்கு முன்னும் பின்னும் உங்கள் பதவிப் பெயர் இருக்கும் ஏதாவது ஆவணம், குழுவின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேருங்கள். யார் யார் எந்த மாதம் பதவி உயர்ந்தார்கள், அவர்களின் அனுபவம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாய்மொழியாக யாராவது எதையாவது சொன்னால், திகதி, இடம், பக்கத்தில் இருந்தவர் பெயர் என்று அன்றைக்கே குறித்துவையுங்கள். பாகுபாட்டை நேரடியாக ஒப்புக்கொள்ளும் கடிதம் யாருக்கும் கிடைக்காது, ஒப்பிட்டுக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கணக்கு விபரங்களை மட்டும் தொடாதீர்கள். இரகசியத்தை மீறினார் என்று புதுக் குற்றச்சாட்டு ஒன்றை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. உங்களுக்கு முன்னால் மகப்பேற்று விடுமுறையில் போய் வந்தவர்களைத் தேடிப் பேசுங்கள். அவர்களில் ஒருவர் சாட்சி சொல்ல வந்தாலே வழக்கின் நிறம் மாறும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நியமனக் கடிதம், பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளோடு போங்கள்.

மனிதவளப் பிரிவுக்கு எழுதும் பதிலைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் குறிப்பிட்ட நடுத்தீர்ப்பு வாசகத்தின்படி செயற்பட நான் இணங்கவில்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் எனக்குள்ள உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனது சேவையை முடிவுறுத்துவதற்குத் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி பெறப்பட்டிருந்தால் அதன் பிரதியை அனுப்பிவைக்கவும்."